எண்ணூர்க் கழிமுக ஆய்வுகள்: ஒரே நீர்நிலையைப் பற்றி மூன்று துறைகள் எழுதியவை ஏன் ஒன்றோடொன்று சேரவில்லை?

அத்திப்பட்டான் எழுதியது:

அரசுக் கல்லூரி ஒன்றில் சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளைத் தேடிப் படிப்பதே முதல் ஆண்டின் வேலை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள ஆய்வேடுகள், 2025 சனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் அரசுக் கல்லூரிகளுக்குத் திறந்துவிடப்பட்ட இதழ்கள், துறைமுகங்களுக்காகவும் அனல்மின் நிலையங்களுக்காகவும் தயாரிக்கப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் எனப் படிப்பதற்குக் குறைவில்லை.

என் குழப்பம் வேறு. இந்த எழுத்துகள் மூன்று வகையாகப் பிரிகின்றன. வேதியியல், புவியியல் துறையினர் படிவு மண்ணில் ஈயம், காட்மியம், குரோமியம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். பொருளியல், சமூகவியல் துறையினர் மீன்பாடு குறைந்ததையும் குடும்ப வருமானம் சரிந்ததையும் கணக்கெடுக்கிறார்கள். கடல்சார் பொறியாளர்கள் முகத்துவாரம் ஏன் தூர்கிறது, நீர் எப்படிப் போய் வருகிறது என்பதைக் கணினி மாடல் கொண்டு காட்டுகிறார்கள். மூன்றும் கொசஸ்தலையாறு கடலோடு சேரும் அதே சில கிலோமீட்டர் நீர்ப்பரப்பைப் பற்றியவைதாம். ஆனால் ஒன்றன் அட்டவணையை மற்றொன்றன் அருகில் வைத்தால் எந்த வரியும் எந்த வரியோடும் பொருந்துவதில்லை. மண் எடுத்த இடம் ஒன்று, கணக்கெடுத்த ஊர் வேறு, மாடல் ஓட்டிய மாதம் இன்னொன்று.

இவற்றையெல்லாம் ஒரே வரைபடத்தின் அடுக்குகளாகத் தொகுத்துப் பொதுத் தரவுக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கலாம் என்று எண்ணுகிறேன். இது நடைமுறையில் சாத்தியமா என்று இத்துறைகளில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும்.

படிவுமண் எழுதியது:

வேதியியல் பக்கத்திலிருந்து பேசுகிறேன். நீங்கள் தொகுக்க எண்ணும் உலோக அளவுகளை வெறும் எண்களாக எடுத்து ஒரே வரைபடத்தில் பதிக்கக் கூடாது. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் துகளின் அளவு. உலோகங்கள் மணலைவிடக் களியில்தான் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. 63 மைக்ரோமீட்டருக்குக் கீழான நுண்துகளை மட்டும் பிரித்து ஆராய்ந்தவரின் எண்ணும், முழு மண்ணையும் அப்படியே அமிலத்தில் கரைத்தவரின் எண்ணும் ஒரே இடத்திலிருந்து வந்தாலும் ஒன்றாக இரா. முகத்துவாரத்தின் அருகே மணல் மிகுதி, பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் பகுதியில் களி மிகுதி. துகள் அளவைக் குறிப்பிடாத ஆய்வில் ‘கால்வாய்ப் பக்கம் மாசு அதிகம்’ என்று எழுதியிருந்தால், அது மாசைச் சொல்கிறதா, களியைச் சொல்கிறதா என்று எவராலும் பிரித்தறிய முடியாது.

அடுத்தது பின்னணி அளவு. மாசு கலப்பதற்கு முன்பு இந்த மண்ணில் இயல்பாக எவ்வளவு உலோகம் இருந்தது என்று தெரிந்தால்தான் இப்போதைய அளவு அதிகமா என்று சொல்ல முடியும். பலரும் 1961-இல் டுரேக்கியனும் வெட்போலும் தொகுத்த உலகச் சராசரிக் களிப்பாறை அளவுகளை எடுத்து, அளந்த அளவைப் பின்னணி அளவோடு ஒப்பிட 1969-இல் முல்லர் முன்வைத்த புவித்திரள் குறியீட்டில் போட்டு, ‘மிதமான மாசு’, ‘கடுமையான மாசு’ என்று வகைப்படுத்திவிடுகிறார்கள். அந்தச் சூத்திரத்தில் பின்னணி அளவை 1.5 என்ற காரணியால் பெருக்குவதே இயற்கையான ஏற்ற இறக்கத்துக்கு இடம் விடத்தான். ஆனால் உலகச் சராசரி எங்கே, மணலும் களியும் கலந்து கிடக்கும் நம் கழிமுகம் எங்கே?

எண்ணூருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. துகள் அளவின் வேறுபாட்டைச் சரிசெய்ய வழக்கமாக அலுமினியத்தை அளவுகோலாக வைத்து மற்ற உலோகங்களை அதனால் வகுப்பார்கள். அலுமினியம் களியிலிருந்து இயல்பாக வருவது, மனிதரால் கூடுவதில்லை என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. ஆனால் நிலக்கரிச் சாம்பல் என்பதே பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த பொருள். 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 1,830 மெகாவாட் திறனுள்ள வட சென்னை நிலையம், 1,500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் நிலையம் ஆகியவை சூழ்ந்த நீர்நிலையில், சாம்பல் கலந்த மண்ணுக்கு அலுமினியத்தை அளவுகோலாக வைத்தால் மாசே தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். சாம்பல் கலந்திருக்கிறதா என்பதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்; உருண்டையான கண்ணாடித் துகள்கள் கிடக்கும், களியில் அப்படி வராது. அந்தப் படம் இல்லாத ஆய்வுகளில், இப்படி அலுமினியத்தால் வகுத்துப் பெற்ற செறிவுக் குறியீடுகளை நான் நம்புவதில்லை.

ஆகவே தொகுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணோடும் அது எப்படிப் பெறப்பட்டது என்ற குறிப்பும் சேர்ந்தே வர வேண்டும்.

தாழங்குப்பம் தம்பி எழுதியது:

நான் விலங்கியல் பட்டதாரி. அப்பாவும் சித்தப்பாவும் இன்றும் ஆற்றில் தொழில் செய்கிறார்கள். மேலே இருவரும் எழுதியதில் விடுபட்டுப்போன செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஆய்வாளர்கள் வரும் நேரம் எங்களுக்குத் தெரியும். காலை பத்து மணிக்குமேல் வாகனம் வந்து நிற்கும். சாலையிலிருந்து எளிதாக இறங்கக்கூடிய பாலத்தடியிலோ கரையிலோ மண் அள்ளுவார்கள். வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுவார்கள். பிழை என்று சொல்லவில்லை, கல்லூரி வாகனத்துக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் ஆற்றின் நாள்காட்டி வேறு. எங்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாள்களில் ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், வலுவாக ஏறி இறங்கும். இறால் இரவில்தான் நடமாடும். வலை கட்டுவதும் அந்தக் கணக்கில்தான். அட்டமியை ஒட்டிய நாள்களில் நீர் சோம்பிக் கிடக்கும். சம்பளக்காரரிடம் கேட்பதுபோல ‘சென்ற மாதம் சராசரியாக எவ்வளவு கிடைத்தது’ என்று வினாத்தாளில் கேட்டால் அப்பா என்ன சொல்லுவார்? நல்ல நாளும் வெறும் நாளும் கலந்த ஓர் எண்ணை, கேட்டவர் மனம் கோணாதிருக்கச் சொல்லி அனுப்புவார்.

காக்கா ஆழியை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட அந்தச் சிப்பி, மைட்டெல்லா ஸ்டிரிகேட்டா என்று நூல்கள் அழைப்பது, ஆற்றின் அடியில் கம்பளம் விரித்ததுபோலப் பரவியதை முதலில் உணர்ந்தவை எங்கள் ஊர்க் கால்கள்தாம். இறால் மண்ணுக்குள் புதைந்து ஒளியும் உயிர். அடியை ஆழி மூடிவிட்டால் அதற்குப் புதைய இடமில்லை. கையால் இறால் தடவுகிறவர்கள் கையைக் கிழித்துக்கொண்டார்கள். மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும் இருந்த இடங்களை இது பிடித்துக்கொண்டது. பரவல் எங்கே தொடங்கி எங்கே போனது என்று கேட்டால் ஊரில் பலர் இடத்தையும் பருவத்தையும் சொல்லுவார்கள். அதை எந்த அட்டவணையில் எழுதுவீர்கள்?

மணலி புதுநகர் வாசகர் எழுதியது:

இவ்வளவு ஆய்வு செய்து நீரின் நிறம் மாறியதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

அத்திப்பட்டான் எழுதியது:

மணலி புதுநகர் நண்பருக்கு: உங்கள் சலிப்பு புரிகிறது. ஆயினும் 2022 சூலையில் சாம்பல் கழிவு குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அளித்த தீர்ப்பு, வல்லுநர் குழுவின் அறிக்கைகளை முன்வைத்தே எழுந்தது. அளந்து எழுதிய தாள் இல்லாமல் அந்த வழக்கு அவ்வளவு தூரம் வந்திராது. தாள் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தாழங்குப்பம் தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்தபின், என்னிடம் உள்ள கட்டுரைகளில் மண் எடுத்த நாளுக்கு எதிரே திதியைக் குறிக்கத் தொடங்கினேன். பெரும்பாலானவற்றில் மாதம் மட்டுமே இருக்கிறது, நாளே இல்லை.

வண்ணாரப்பேட்டைக்காரி எழுதியது:

சமூக அறிவியலின் தரப்பைச் சொல்லுகிறேன். வினாத்தாள் பற்றித் தம்பி சொன்னது நியாயமே. ஆனால் அதைவிட ஆழமான சிக்கல், யாரிடம் கேட்கிறோம் என்பது.

கழிமுகத்து ஊர்களில் கணக்கெடுக்கப் போகிறவர் முதலில் தேடுவது ஒரு பெயர்ப்பட்டியலை. கையில் கிடைப்பது மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல். அதிலிருந்து தற்செயல் முறையில் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஆய்வேட்டில் எழுதுவார்; புள்ளியியல்படி அது சரியாகவும் இருக்கும். ஆனால் வலையும் படகும் இல்லாமல், பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவும் இருளர் குடும்பங்கள் பலவும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. இறாலை வாங்கி, தரம் பிரித்து, தெருத்தெருவாகச் சுமந்து விற்கும் பெண்களின் வருமானம் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்துக்குள் காணாமல் போகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இறங்குதளங்களில் எடுக்கும் கணக்கு, முறையான மாதிரி வடிவமைப்பில் பல்லாண்டுகளாக நடந்துவருவது. ஆனால் அது கடல் மீன்பிடிக்கானது. ஆற்றில் தடவி எடுத்து அத்திப்பட்டுச் சாலையோரத்தில் விற்கும் ஒரு கூடை இறாலைத் தேடி அங்கே போக முடியாது. ஆக, கழிமுகம் கெட்டதால் முதலில் அடிபடுகிறவர்களே தரவில் கடைசியாக வருகிறார்கள்.

நிவாரணத்தின் நிழலும் எங்கள் கணக்கெடுப்பின் மேல் விழுகிறது. 2017 சனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோதும், 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோதும், கையில் தாளோடு வந்தவர்கள் இழப்பீட்டுக்குக் கணக்கெடுத்தார்கள். அதற்குப் பின் தாளோடு போகும் எவரையும் மக்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ‘எவ்வளவு இழந்தீர்கள்’ என்ற வினாவுக்கு வரும் விடை, இழப்பை மட்டும் அல்ல, விடை எங்கே போகும் என்ற கணிப்பையும் சேர்த்தே சொல்லுகிறது. இதற்காக மக்களைக் குறை சொல்வது அறிவீனம்.

பொதுக் களஞ்சியம் பற்றி எனக்குக் கவலை உண்டு. கழிமுகத்தில் வலை கட்டும் இடங்களுக்குப் ‘பாடு’ முறை இருக்கிறது. எந்த ஊர், எந்த நாள், எந்த இடம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. அந்த இடங்களின் ஆயத்தொலைகளைத் துல்லியமாக வெளியிட்டால், நாளை யாரோ அதை எடுத்து ‘இங்கே மீன்பிடிப்பு இல்லை, எனவே இதைத் தூர்க்கலாம்’ என்று வாதாடக்கூடும். ஊர்களுக்கிடையே தகராறுக்கும் அது போதும். பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது பெரிய நகரக் கணக்கெடுப்புக்குப் பொருந்தும். நாற்பது வீடுகள் உள்ள குப்பத்தில் வயதையும் தொழிலையும் எழுதினாலே அது யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

படிவுமண் எழுதியது:

அக்கா சொல்வது மனிதத் தரவுக்குச் சரி. ஆனால் மண்ணின் ஆயத்தொலையை மறைத்தால் அந்த ஆய்வை எவரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது. ‘எண்ணூர், நிலையம் 4’ என்று மட்டும் எழுதிய பழைய கட்டுரைகளால் இன்று எந்தப் பயனும் இல்லாதது அதனால்தான்.

வண்ணாரப்பேட்டைக்காரி எழுதியது:

மண்ணுக்குத் துல்லியமும் மனிதருக்குப் பகுதி அளவிலான குறிப்பும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் அடுக்கினால் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை ஊகித்துவிட முடியும் என்பதையும் கவனியுங்கள். பாடு கட்டும் இடத்தின் நடுவில் மண் எடுத்தால் அது அந்த இடத்தின் ஆயத்தொலையாகவும் ஆகிவிடுகிறதே.

அலைமானி எழுதியது:

பொறியியல் பக்கத்தைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். இராயபுரத்தில் வளர்ந்தவன், கடற்கரைப் பொறியியல் படித்தவன்.

வட சென்னைக் கடற்கரையே ஒரு பெரிய ஆய்வுக்கூடம், யாரும் திட்டமிட்டு அமைக்காதது. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் திரும்பி ஓடுகிறது. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வே. 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் மணல் தெற்கே தங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. பின்னர் கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். ஒரு தூண்டில் வளைவு தனக்குத் தெற்கே மணலைச் சேர்க்கும், தனக்கு வடக்கே பசியை அனுப்பும். கடைசி வளைவுக்கு அப்பால் இருக்கும் குப்பத்துக்கு அந்தப் பசி போய்ச் சேரும். 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் கழிமுகத்துக்கு வடக்கே அமைந்தவை. அவற்றின் அலைதடுப்புச் சுவர்களுக்குத் தெற்கே மணல் சேர்வதால் முகத்துவாரம் தூர்வதும், அப்பால் பழவேற்காட்டுத் திசையில் கரை அரிப்பதும் அதே இயற்பியல்.

இப்போது மாடல். சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் வலுவான நாள்களில்கூட ஏறத்தாழ 1 மீட்டர்தான். அவ்வளவு சிறிய விசையால் நீர் உள்ளே போய் வெளியே வர வேண்டுமென்றால், முகத்துவாரத்தில் அரை மீட்டர் மணல் மேவுவதே பெரிய மாற்றம். மாடலின் விடை, அடித்தள ஆழத்தை எந்த மாதத்தில் அளந்தோம் என்பதைப் பொறுத்தே மாறிவிடும். பூண்டி நீர்த்தேக்கம் 1944 முதல் மேலே நீரைப் பிடித்துக்கொள்வதால், மழைக்காலத்தில் உபரிநீர் திறந்துவிடும் நாள்கள் தவிர மற்ற நாள்களில் இது ஆறாக அன்றி, கடலின் ஒரு கையாகவே இருக்கிறது. ஆகவே எந்தப் பருவத்தில் அளந்தார்கள் என்பதே முழு வினா. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் கீழ் தயாராகும் அறிக்கைகளில், மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவு போதும் என்பது பொதுவான நடைமுறை. ஐப்பசியும் கார்த்திகையும் தீர்மானிக்கும் ஒரு நீர்நிலையை, கோடையில் மூன்று மாதம் பார்த்துவிட்டு விவரிப்பதாக அது முடிகிறது.

சுடுநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்நீரைக் குளிர்விப்புக்குப் பயன்படுத்தும் புதிய மின்நிலையங்கள் வெளியேற்றும் நீரின் வெப்பம், அது சேரும் நீரைவிட 7 பாகைக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. வெந்நீர் மேலே மிதக்கும், இறால் அடியில் வாழும். மேலிருந்து அடிவரை ஒரே சராசரியாகக் கணக்கிடும் இருபரிமாண மாடலில் இந்த வேறுபாடே தெரியாது. முப்பரிமாணத்தில் ஓட்ட வேண்டும், அதற்கு அளவைத் தரவும் கணினி நேரமும் பல மடங்கு தேவை. பணி கொடுத்தவர் இருபரிமாணத்துக்குத்தான் பணம் கொடுத்திருப்பார். இங்கேதான் அத்திப்பட்டானுக்கு நடைமுறைத் தடை ஒன்று காத்திருக்கிறது: எங்கள் துறையின் பல வேலைகள் ஆய்வுக் கட்டுரைகளாகவே வருவதில்லை. ஆலோசனைப் பணியாகச் செய்து பணி கொடுத்தவரிடம் ஒப்படைத்த அறிக்கைகள் அவை. ஆழ அளவீடுகள் அவருடைய சொத்து. நல்ல தரவு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், கொடுக்க முடியாது.

ஓய்வு ஆசிரியர், பெரம்பூர் எழுதியது:

புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இளைஞர்களின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது, ஆனால் இந்தத் திட்டத்தில் சில பள்ளங்கள் தெரிகின்றன.

அத்திப்பட்டான் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தவுடன் செய்யப்போவது என்ன? காட்மியம் அதிகமுள்ள பகுதிக்கு அருகிலுள்ள ஊரில் வருமானம் குறைவு என்று ஒரு தொடர்புக் கெழுவைக் கணக்கிடுவார். ஊர் அளவில் தெரியும் தொடர்பை அந்த ஊரின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொருத்துவது தவறு என்று இராபின்சன் 1950-இலேயே காட்டிவிட்டார். வருமானம் குறைந்தது காட்மியத்தாலா, முகத்துவாரம் தூர்ந்ததாலா, காக்கா ஆழியாலா, அல்லது இளைஞர்கள் மீன்பிடிப்பை விட்டுக் கண்டெய்னர் யார்டு வேலைக்குப் போனதாலா என்று அந்தக் கெழு சொல்லாது.

ஒரே நாளில் ஒரே இடத்தில் முப்பது புட்டிகளில் நீர் பிடித்துவிட்டு ‘மாதிரிகளின் எண்ணிக்கை முப்பது’ என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது. அது ஒன்றே. 1984-இல் ஹர்ல்பர்ட் இதைப் போலிப் பெருக்கம் என்று கண்டித்து எழுதிய கட்டுரையை, சூழலியல் படிக்கும் எவரும் முதல் ஆண்டிலேயே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் களஞ்சியத்தில் இப்படிப்பட்ட முப்பதுகள் நிறைந்தால் கணினி அவற்றை உண்மையான முப்பதாகவே எண்ணும்.

மேலும், ஒப்பீட்டு இடம் எது? கெட்டது எவ்வளவு என்று சொல்லக் கெடாத ஒன்று வேண்டும். வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரியை வைக்கலாம் என்பார்கள். அது பக்கிங்காம் கால்வாயால் இதனோடு இணைந்திருக்கிறது, அளவிலும் ஆழத்திலும் வேறானது, அதற்கும் அதன் சிக்கல்கள் உண்டு. மின்நிலையங்களுக்கு முந்தைய அளவீடும் கையில் இல்லை. முன்னும் இல்லை, ஒப்பீடும் இல்லை என்னும்போது, எத்தனை அடுக்கு வைத்தாலும் காரண காரியம் நிறுவப்படாது.

படிவுமண் எழுதியது:

ஐயா, முன்னைய அளவீடு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அது மண்ணுக்குள்ளேயே இருக்கக்கூடும். கழிமுக அடியில் குழாயை இறக்கி மண் தூணை எடுத்து, ஈயம்-210 கதிரியக்கத்தைக் கொண்டு ஒவ்வொரு அடுக்கின் வயதையும் கணிக்கலாம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 22 ஆண்டுகள் என்பதால் கடந்த நூறாண்டுக்குள் பார்க்க ஏற்றது. 1970-க்கு முந்தைய அடுக்கு கிடைத்தால் அதுவே இந்த ஊரின் உண்மையான பின்னணி அளவு. உலகச் சராசரிக் களிப்பாறையை நாடத் தேவையில்லை. சாம்பலின் உருண்டைத் துகள் எந்த அடுக்கில் முதலில் தோன்றுகிறது என்றும் பார்த்துவிடலாம்.

தடை ஒன்றுதான்: அந்த இடம் இதுவரை தூர்வாரப்படாமலும் கலக்கப்படாமலும் இருந்திருக்க வேண்டும். கழிமுகத்தின் பல பகுதிகளில் எந்திரம் இறங்கியிருக்கிறது. எங்கே, எந்த ஆண்டில் என்று ஒழுங்கான பதிவு எங்கள் கையில் இல்லை.

தாழங்குப்பம் தம்பி எழுதியது:

பதிவு இல்லை என்று யார் சொன்னது? எங்கே தூர்வாரினார்கள், மண்ணை எங்கே கொட்டினார்கள், எந்தத் திட்டில் யாரும் கை வைக்கவில்லை என்பதை அப்பா தலைமுறையில் பாடு கட்டுகிறவர்கள் படகில் உட்கார்ந்தபடியே காட்டுவார்கள். வலை கட்டும் கம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். புதிதாகக் கொட்டிய மண்ணில் கம்பு நிற்காது. மேலே வெள்ளையாகச் சாம்பல், அதன் அடியில் கறுப்புக் களி என்று எங்கெங்கே இருக்கிறது என்றும் சொல்லுவார்கள்.

அலைமானி எழுதியது:

இந்த இழையில் எனக்குப் பயன்பட்டது மேலே தம்பி எழுதியதுதான். நாம் இதுவரை முடிவுகளைத் தைத்து ஒட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மூன்று துறையும் சேர வேண்டிய இடம் கடைசிப் பக்கத்தில் இல்லை, எங்கே, எந்த நாளில் அளப்பது என்று தீர்மானிக்கும் முதல் பக்கத்தில் இருக்கிறது. படிவுமண்ணுக்குக் கலங்காத திட்டு வேண்டும். அதைக் காட்டக்கூடியவர் பாடு கட்டுகிறவர். எனக்கு அடித்தளம் எந்தப் பருவத்தில் எப்படி மாறுகிறது என்பது தெரிய வேண்டும். கம்பு இறங்கும் ஆழம் எனக்கு அளவீடே, வழுவின் எல்லையை மட்டும் நான் கணக்கிட்டுக்கொள்வேன். பணி கொடுத்தவரின் ஆழ அளவீட்டை வெளியிட முடியாவிட்டாலும், ஒலியைக் கொண்டு ஆழம் அளக்கும் எதிரொலிமானி ஒன்றை நாட்டுப் படகில் கட்டிப் புதிதாக அளப்பது அப்படியொன்றும் எட்டாத செலவில்லை.

வண்ணாரப்பேட்டைக்காரி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. திட்டைக் காட்டும் முதியவரை ‘தகவலாளி’ என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட்டு, குழாய் இறக்கியவரை மட்டும் ஆசிரியராகப் போடுவது இனிமேலும் நடக்கக் கூடாது. அந்த அறிவு ஒரு முறையியலின் பகுதி என்றால் முறையியல் பகுதியில் அது வர வேண்டும். அவர் விரும்பினால் அவர் பெயரோடு, விரும்பாவிட்டால் பெயரின்றி. ஆண்களிடம் மட்டும் கேட்டு நிறுத்துவதும் கூடாது. கரையோர ஆழமற்ற பகுதிகளைப் பாடு கட்டுகிறவர்களைவிடத் தடவித் தொழில் செய்யும் பெண்கள் நன்கு அறிவார்கள்.

முடிவுகள் திரும்பிப் போவதும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய செய்தி. அத்திப்பட்டானுக்கு அரசுக் கல்லூரி வழியாக ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. தாழங்குப்பத்திலிருந்து ஒரு விலங்கியல் பட்டதாரி அதே கட்டுரையைத் திறந்தால் பணம் கட்டு என்று வரும். தாக்க அறிக்கைக்குக்கூட உள்ளூர் மொழியில் சுருக்கம் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வேட்டுக்கு அத்தகைய கட்டாயம் எதையும் நான் கண்டதில்லை.

ஓய்வு ஆசிரியர், பெரம்பூர் எழுதியது:

அலைமானியின் கருத்தை ஏற்றால் என் மறுப்புகளில் பாதி தளர்கிறது. பழைய எண்களைத் தொகுப்பதைவிட, பொதுவான இடங்களும் பொதுவான நாள்களும் வைத்துப் புதிதாக அளப்பது சிறந்தது. மண், நீர், ஆழம், மீன்பாடு ஆகிய நான்கும் ஒரே திதியில், ஒரே பகுதியில், ஓராண்டு முழுவதும் எடுக்கப்பட்டால் குறைந்தபட்சம் ஒப்பிடத் தகுந்த தரவாவது இருக்கும். இடங்கள் குறைவாக இருக்கட்டும், மழைக்காலத்தை விடாதீர்கள். ஓரிடத்தில் முப்பது புட்டி வேண்டாம், பத்து இடங்களில் மும்மூன்று போதும்.

மற்றப் பாதி அப்படியே நிற்கிறது. ஓராண்டுத் தரவை வைத்து வருமான வீழ்ச்சிக்கு எது காரணம் என்று எழுதினால், தேர்வாளராக நான் இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

அத்திப்பட்டான் எழுதியது:

அப்படியானால் களஞ்சியத் திட்டத்தை ஒத்திவைக்கிறேன். பழைய ஆய்வுகளை, எந்த முறையில், எந்த நாளில், எந்தத் துகள் அளவில் என்ற குறிப்புகளோடு ஒரு பட்டியலாக மட்டும் தயாரித்து இங்கேயே வெளியிடுகிறேன். நாளும் இடமும் இல்லாதவற்றைத் தனியாக வைக்கிறேன். அளவீட்டுக்கு என் வழிகாட்டி ஒப்புதல் தந்தால் வரும் ஐப்பசிக்கு முன் தொடங்கலாம். சாம்பல் படிந்த பகுதி, கால்வாய் சேரும் பகுதி, முகத்துவாரம், சுடுநீர் விழும் பகுதி, மேலே ஓதம் முடியும் பகுதி என்று மனத்தில் இருக்கிறது. படகுக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும், யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று தம்பி சொல்ல வேண்டும்.

தாழங்குப்பம் தம்பி எழுதியது:

ஒரு ஊரில் மட்டும் பேசிவிட்டு இறங்காதீர்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகிய ஊர்களின் நிர்வாகிகளிடம் தனித்தனியே சொல்ல வேண்டும். நீங்கள் குறிக்கும் இடம் எந்த ஊர் பாடு கட்டும் இடத்தில் விழுகிறதோ, அன்றைய முறைக்காரரின் வலை கிடக்கும்போது அங்கே குழாய் இறக்கக் கூடாது. இருளர் குடும்பங்களிடம் பேச, வண்ணாரப்பேட்டை அக்கா உடன் வந்தால் நல்லது. படகு கொடுப்பவருக்கு அன்றைய தொழில் போகும், அதற்குக் கூலி பேசி எழுதிக்கொள்ளுங்கள். டீசல் கணக்கு தனி.

அமாவாசைக்கு முதல் நாளும் அட்டமியும் என இரண்டு நாள்கள் வைத்தால் வலுத்த நீரும் சோம்பிய நீரும் இரண்டுமே கிடைக்கும். விடியற்காலை நான்கு மணிக்குக் கரையில் இருக்க வேண்டியிருக்கும், கல்லூரி வாகனம் வருமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நிர்வாகிகளிடம் பேசும் நாளுக்கு நான் வருகிறேன், ஞாயிறு வேண்டாம், அன்று ஊர்க்கூட்டம் இருக்கும்.